இடது தோள்

நர்ஸம்மாவின் முதல் நினைவு நாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. அழைப்பிதழ் அடித்து, பாதிக்கு மேல் கொடுத்தும் ஆகிவிட்டது. மகன் சொந்தமாக அச்சகம் வைத்திருந்தால் இதுதான் வசதி. பெண் பார்க்கும் முன்பே கல்யாணப் பத்திரிகையைக்கூட அடித்து வைத்துவிடுவான். "நினைவுக் கைப்பிடித் திறப்பு விழா" என்று நீல எழுத்தில் போட்டு, மேலே அம்மாவின் படத்தைப் போட்டு, நகராட்சித் தலைவரின் பெயரை அம்மாவின் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருந்தான்.

கைப்பிடி என்பது அவனுடைய யோசனை இல்லை. அவன் கேட்டது நினைவு வளைவு. படிக்கட்டின் அடியில் இரண்டு தூண், மேலே ஒரு வளைவு, நடுவில் அம்மாவின் முகம். மூன்று மாதம் அதற்காகத் தலைகீழாக நின்றான். தங்கை அசையவில்லை. அவள் தொழில் வெல்டிங். இரும்பையே வளைக்கிறவளிடம் வளைவைப் பற்றிப் பேசி ஜெயிக்க முடியுமா?

"வளைவைப் பிடிச்சுக்கிட்டு யாராவது படி இறங்க முடியுமாண்ணா?" என்று கேட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

படிக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழ்த் தெருவில் பஸ் நிற்கும். மேல் தெருவில் ஆஸ்பத்திரி. நடுவில் நூற்றுப் பன்னிரண்டு கல்படிகள், மூன்று திருப்பங்கள். மேட்டின் மேல் ஆஸ்பத்திரியைக் கட்டிய புண்ணியவான் நோயாளி என்று ஒருவனை வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டான். வண்டிப் பாதை இருக்கிறது, ஆனால் அது ஊரைச் சுற்றிக்கொண்டு போகும்; வண்டி இல்லாதவர்களுக்குப் படிதான். ஏறுவது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்குவதில்தான் ஆபத்து. கல் தேய்ந்து வழவழவென்று இருக்கும். ஊசி போட்டுக்கொண்டு தலை சுற்ற வருகிறவர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் அதில்தான் இறங்க வேண்டும். முப்பது வருஷம் அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அம்மா, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை யாரையாவது கூட்டிக்கொண்டு கீழே வந்து பஸ் ஏற்றிவிட்டுத் திரும்ப ஏறுவாள். அது அவள் வேலை இல்லை. செய்யச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

படிக்கட்டில் இறங்கும்போது இடப்பக்கம் நகராட்சியின் கருங்கல் சுவர். வலப்பக்கம் ஏழு வீடுகள், அவற்றின் வாசல்கள். கைப்பிடி சுவர்ப் பக்கம் என்று முடிவானது. யாரையும் கேட்க வேண்டியதில்லை, யார் வாசலும் மறைக்காது. நகராட்சி இன்ஜினியர் அரை நாளில் அனுமதி கொடுத்தார். மகள் இரண்டு மாதமாகக் கடை வேலை முடிந்ததும் குழாய் அறுத்து, மூன்று திருப்பங்களுக்கும் வளைவு அடித்து, பற்றவைத்து, ராவி வழவழப்பாக்கி அடுக்கி வைத்திருந்தாள். சுவரில் பொருத்துவது மட்டும்தான் பாக்கி.

அப்போதுதான் அண்ணன் கோட்டு கேட்டான். விழாவில் அம்மாவின் வெள்ளைக் கோட்டு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறானாம். "கிழிசல் இல்லாததா பார்த்து எடுத்துட்டு வா" என்றான்.

அவள் அம்மாவின் பீரோவைத் திறந்தாள். நான்கு கோட்டுகள், துவைத்து மடித்தபடி. முதலாவதை விரித்தாள். இடது தோளில் ஒட்டு. இரண்டாவதிலும் இடது தோளில் ஒட்டு. மூன்றாவதில் ஒட்டின் மேல் ஒட்டு. நான்காவது, கடைசியாகத் தைத்தது, அதில் ஒட்டு இல்லை. ஆனால் இடது தோள் மட்டும் நூல் நூலாக நைந்து, விரலை உள்ளே விட்டால் வெளியே தெரிந்தது.

அம்மா மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்து அந்த ஒட்டுகளைப் போட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. "அதென்னம்மா, எப்பப் பாரு இடது தோள்லயே கிழியுது? பேய் கீய் ஏறி உக்காந்திருக்கா?" என்று ஒரு நாள் கிண்டல் செய்தாள். அம்மா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "பேய்னா இவ்வளவு கனம் இருக்காதுடி" என்றாள். மகள் சிரித்தாள். கைப்பை வார் உரசித்தான் கிழிகிறது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள், மறந்தும்விட்டாள்.

இப்போது நான்கு கோட்டுகளையும் கட்டில் மேல் வரிசையாகப் போட்டுப் பார்த்தாள். கைப்பை வாரின் தடம் இருந்தது, பழுப்பாக, தெளிவாக. வலது தோளில்.

இரும்பு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு புத்தி உண்டு. ஒன்று தேய்ந்திருந்தால் எதன் மேல் உரசியது என்று பார்க்காமல் விடமாட்டார்கள். கீல் தேய்ந்தால் கதவு தொங்குகிறது என்று அர்த்தம். இடது தோள் தேய்ந்தால்?

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்த அக்காவிடம் கேட்டாள். அம்மாவோடு இருபது வருஷம் வேலை பார்த்தவர் அவர்.

"அம்மா எப்படிக்கா கூட்டிட்டு இறங்குவாங்க? கையைப் பிடிச்சுக்கிட்டா?"

"கையையா? கையைப் பிடிச்சா ஒருத்தர் வழுக்கினா ரெண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான்னு சொல்வாங்க. ஒரு படி முன்னால இறங்கி நின்னு தோளைக் கொடுப்பாங்க. எப்பவும் வலப்பக்கமாத்தான்."

"ஏன் வலப்பக்கம்?"

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பிள்ளையைத் தூக்கினதில்லையா? போய்ப் படியில உக்காந்து பாரு."

போய் உட்கார்ந்தாள், ஐம்பதாவது படியில். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை பிள்ளையோடு இறங்கிய பெண்கள் பதினெட்டுப் பேர். பதினாறு பேருக்குப் பிள்ளை இடது இடுப்பில். அதே இடது கையில் மருந்துப் பை. வலது கை ஒன்றுதான் சும்மா இருந்தது. அது வலப்பக்கம் காற்றைத் துழாவிக்கொண்டே வந்தது. இடப்பக்கம் அவள் கைப்பிடி போட இருந்த சுவரை ஒருத்திகூடத் தொடவில்லை. தொட ஏது கை?

அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்து, அம்மாவோடு ஒரு தடவைகூட அந்தப் படியில் அவள் இறங்கியதில்லை. பைக் வாங்கியதிலிருந்து வண்டிப் பாதைதான். அம்மா எப்படி நின்றாள் என்று ஊருக்கே தெரிந்திருந்தது, அவளைத் தவிர.

அன்று சாயங்காலம் அச்சகத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எட்டு நாள்ல விழா! எந்தப் பக்கம் இருந்தா என்ன? கைப்பிடி கைப்பிடிதானே?"

"பிடிக்கிறவங்க இருந்தாத்தாண்ணா கைப்பிடி. இல்லன்னா அது துணி காயப்போடற கம்பி."

"ரெண்டு மாசமா செஞ்சு வெச்சியே, அதைத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சுட வேண்டியதுதானே?"

"திருப்பம் மூணும் இடக்கைக்கு வளைச்சது. வலப்பக்கம் உக்காராது. வாசலுக்கு வாசல் இடைவெளி விடணும். சுவர்ல தொங்க விட முடியாது, தூண் நடணும். எல்லாத்தையும் அறுத்துத் திரும்பச் செய்யணும்."

"பைத்தியமா உனக்கு? பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கறே!"

அவள் கையோடு கொண்டுவந்திருந்த கோட்டை மேசை மேல், நீல அழைப்பிதழ் கட்டுகளின் மேல் விரித்தாள். "கிழிசல் இல்லாதது கேட்டியே. ஒண்ணும் இல்ல. எல்லாம் இங்கதான் கிழிஞ்சிருக்கு." ஒட்டின் மேல் கையை வைத்தாள். "அம்மா இந்தப் பக்கம் நின்னாங்க. நான் அந்தப் பக்கம் போட்டா அது அம்மாவுக்குப் போட்டது இல்ல."

அண்ணன் அந்த ஒட்டை விரலால் தடவிப் பார்த்தான். கூச்சல் போடுகிறவனே தவிரக் கெட்டவன் இல்லை. "தேதியை மட்டும் மாத்தச் சொல்லாதே" என்றான் கடைசியில்.

இன்ஜினியர் நல்ல மனுஷர், ஆனால் காகிதத்துக்குக் கட்டுப்பட்டவர். "ஏழு வீட்டுக்காரங்களும் கையெழுத்துப் போட்டா எனக்கு ஆட்சேபணை இல்ல. ஒருத்தர் மாட்டேன்னாலும் பழைய பக்கம்தான்" என்று சொல்லிவிட்டார்.

ஆறு கையெழுத்து இரண்டு நாளில் கிடைத்தது. ஒரு வீட்டில் பூந்தொட்டிகளை நகர்த்த அவளே தோள் கொடுத்தாள். ஒரு வீட்டின் கதவு வெளிப்பக்கம் திறந்து தூணில் இடிக்கும் என்றார்கள்; கீலை மாற்றி உள்பக்கம் திறக்க வைத்துக் கொடுத்தாள். இன்னொரு வீட்டம்மாள், "உங்கம்மா என் பொண்ணைக் கூட்டிட்டு இறங்கினாங்க, எங்க போடணும் சொல்லு" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஏழாவது வீடு அரையடியாருடையது.

அவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அரை அடிக்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு பதினான்கு வருஷம் வழக்காடி ஜெயித்ததால் வந்த பெயர். இரண்டாவது திருப்பத்துக்குக் கீழே, பதினொரு படி நீளத்துக்கு அவருடைய வெள்ளைச் சுவர். அதில் சிவப்பு எழுத்தில், "சுவரில் கை வைக்காதீர்கள்."

முதல் நாள் அவர் டேப்பை எடுத்து அளந்தே காட்டினார். "தூண் ஒண்ணுக்கு ரெண்டு அங்குலம். அஞ்சு தூணுக்குப் பத்து அங்குலம். சுவரடி ஓரத்துல அரையடி என் பட்டாவுல இருக்கு. இன்னிக்குத் தூண் வரும், நாளைக்குத் தூணுக்குக் கூரை வரும்." இரண்டாம் நாள் அவள் வருவதைப் பார்த்ததும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அவள் வாசல் படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். கல்லில் நார் உரிக்கப் போகிறாள் என்று தெருவே வேடிக்கை பார்த்தது. விழாவுக்கு நான்கு நாள் இருந்தது. அவள் பாட்டுக்குக் கடையில் வலக்கை வளைவுகளை அடித்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து வந்த பிறகு ஆரம்பித்தால் நேரம் போதாது என்பதுதான் அவள் கணக்கு. வராமல் போனால் என்ன என்ற கணக்கை அவள் போடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் போனபோது அவர் வெளியே இருந்தார். வாளியில் சுண்ணாம்பு, கையில் மட்டை. சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். படிகளின் சரிவுக்கு இணையாக, மேலிருந்து கீழ் வரை, ஒரு சாண் அகலத்தில் அழுக்குப் பட்டை. கைகள் உரசி உரசி வந்த அழுக்கு.

"வந்துட்டியா? பாரு, உன் ஊர் ஜனங்க லட்சணத்தை. எழுதி வெச்சும் பிரயோஜனமில்ல. இது மூணாவது தடவை வெள்ளை அடிக்கிறேன், ஒரு வருஷத்துல."

"முன்னாடியும் இப்படித்தான் சார் இருந்துச்சா?"

"முன்னாடியா? இருபத்திரண்டு வருஷமா இந்த வீட்ல இருக்கேன். ஒரு விரல் ரேகை கிடையாது. இந்த ஒரு வருஷமாத்தான் இந்தத் தொல்லை. திடீர்னு எல்லாருக்கும் என்ன கேடு வந்துச்சோ!"

அவளுக்குப் பீரோவைத் திறந்தபோது வராத அழுகை இப்போது வந்தது. ஒரு வருஷம். அம்மா போன பிறகு ஊர்க்காரர்கள் கை வைக்க இடம் தேடித் தேடி இந்தச் சுவரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், திட்டு வாங்கிக்கொண்டு.

அவர் பதறிப்போனார். "ஏம்மா, நான் உன்னை ஒண்ணும் சொல்லலியே?"

"கேடு ஒண்ணும் வரல சார்." புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "போன வருஷம் வரைக்கும் அவங்க கை வைக்க எங்கம்மா தோள் இருந்துச்சு. இப்ப உங்க சுவர்தான் இருக்கு. கம்பி போட்டுட்டா ஒருத்தரும் இதைத் தொட மாட்டாங்க."

அரையடியார் மட்டையை வாளியில் போட்டார். சுவரில் இருந்த அழுக்குப் பட்டையை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை பார்த்தார். பிறகு, பழக்க தோஷம், இடுப்பிலிருந்து டேப்பை உருவிப் படியிலிருந்து பட்டை வரை அளந்தார். இன்னும் இரண்டு இடத்தில் அளந்தார்.

"மூணடிக்கு ஒரு அங்குலம் கம்மி. எல்லா இடத்துலயும் அதே உயரம். உன் கம்பியை என்ன உயரத்துல போடறதா இருந்தே?"

"மூணே காலடி சார்."

"தப்பு. இந்த உயரத்துல போடு. ஜனங்களே அளந்து கொடுத்திருக்காங்க." அவள் நீட்டிய காகிதத்தை வாங்கிச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "ஒரு நிபந்தனை. தூண் சுவரை ஒட்டி வரக் கூடாது. அரையடி தள்ளி நடு."

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "சரி சார். அரையடி."

அன்றிலிருந்து மூன்று நாளும் அவள் சாப்பிட்டதையும் தூங்கியதையும் அண்ணிதான் கணக்கு வைத்திருக்க வேண்டும். அண்ணி படிக்கே தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுவந்து, பக்கத்தில் நின்று, பாத்திரம் காலியானதைப் பார்த்துவிட்டுத்தான் போவாள். கல்லில் துளை போட்டு, தூண் நிறுத்தி, குண்டு நூல் விட்டு நேர் பார்த்து, குழாயைப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, சரிவு சரியாக இருந்தால் முழுதாக ஓட்டினாள். ஒவ்வொரு வாசலிலும் கம்பியின் முனையைக் கீழ்ப்பக்கமாக வளைத்துவிட்டாள், சேலைத் தலைப்பு மாட்டாதபடி. அண்ணன் முதல் நாள் தள்ளி நின்று பார்த்தான். இரண்டாம் நாள் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சிமெண்ட் குழைத்தான். அச்சு மையைத் தவிர எதையும் தொடாத கை, சாயங்காலத்துக்குள் கொப்பளித்துவிட்டது. அதை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான். நான்காம் நாள் காலையில் கடைசித் தூணுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து முடித்தபோது கீழே மைக் சோதனை நடந்துகொண்டிருந்தது. விழா மாலை ஐந்து மணிக்கு.

விழா விழாவாக நடந்தது. நகராட்சித் தலைவர், "கை கொடுத்த தாய்" என்று முக்கால் மணி நேரம் பேசினார். கையைக் கொடுக்கவில்லை, தோளைக் கொடுத்தாள் என்று மகள் எழுந்து சொல்லப் போனாள். அண்ணி முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கோட்டு இருந்தது, ஒட்டின் மேல் ஒட்டுப் போட்ட மூன்றாவது கோட்டு. அதை எடுத்து வைத்தவன் அண்ணன்.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் அண்ணன் கடைக்கு வந்தான்.

"மேல பெயிண்ட் எல்லாம் போயிடுச்சு. முதல் இருபது படியில வெறும் இரும்பு பல்லைக் காட்டுது. நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

அவள் போய்ப் பார்த்தாள். உண்மைதான். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து இறங்கும் இடத்தில், கம்பியின் மேல்பக்கம், பச்சை முழுக்கத் தேய்ந்து இரும்பு பளபளவென்று இருந்தது. அவள் அந்தப் பளபளப்பின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு, அம்மா நைந்த தோளை நைந்தபடி விட்டாளா என்ன? உட்கார்ந்து ஒட்டுப் போட்டாள். போட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டம் வராத ஞாயிற்றுக்கிழமை மத்தியானமாகப் பார்த்து பெயிண்ட் டப்பாவோடு போனாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துருப்பிடிக்காமல் இருக்கச் செம்பூச்சு ஒன்று பூசிக் காயவிட்டு, மேலே பச்சை அடித்தாள். முதல் திருப்பம் வரை அடித்து முடித்து, மேல் முனையில் ஒன்றும் திருப்பத்தில் ஒன்றுமாக "ஈரம், கை வைக்காதீர்கள்" என்ற அட்டையைக் கட்டும்போதுதான் அவளுக்கே உறைத்தது. அரையடியாரின் சுவரில் இருந்த அதே வாசகம்.

மேலே காலடிச் சத்தம் கேட்டது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும், ஒரு பெண். இடது இடுப்பில் காய்ச்சல் பிள்ளை, சிணுங்கிக்கொண்டு. அதே கையில் மருந்துப் பை. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலுக்குத் தெரியுமா? அவள் வலது கையை நீட்டினாள், அட்டையைப் பார்த்தாள், கையை இழுத்துக்கொண்டாள். முதல் படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஈரமாக்கா?"

"ஆமாம்மா. என் தப்புதான்."

மகள் பிரஷ்ஷை டப்பாவின் மேல் வைத்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மேலே ஏறி, அந்தப் பெண்ணுக்கு ஒரு படி கீழே, வலப்பக்கமாகப் போய், கீழ்ப்பக்கம் பார்த்து நின்றாள்.

"தோளைப் பிடிச்சுக்க."

கை வந்து விழுந்தது. இடது தோளில்தான். அவள் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. ஒரு ஆளின் பயம் முழுக்க அதில் இறங்கியிருந்தது. பேய் என்றால் இவ்வளவு கனம் இருக்காது.

"நீங்க கொஞ்சம் உயரம்க்கா" என்றாள் அந்தப் பெண், தயங்கித் தயங்கி.

மகள் முழங்காலைச் சற்று மடக்கித் தோளைத் தாழ்த்தினாள். "இப்ப?"

"இப்ப சரி."

ஈரம் முதல் திருப்பத்தோடு முடிந்தது. அதற்குக் கீழே கம்பி காய்ந்துதான் இருந்தது. இருவருமே அதைச் சொல்லவில்லை. நூற்றுப் பன்னிரண்டு படியும் அப்படியே இறங்கி, பஸ் வரும் வரை நின்று, ஏற்றிவிட்டுத்தான் அவள் மறுபடி மேலே ஏறினாள்.